முகம் காட்டும் வயது: இனம் மாறினால் கணக்கு ஏன் தப்புகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரைப் பார்த்த கணத்திலேயே, பேர்கூடக் கேட்பதற்கு முன்னால், ‘இவருக்கு இத்தனை வயசு இருக்கும்’ என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அவரிடம் எப்படிப் பேசுவது, எவ்வளவு எதிர்பார்ப்பது என்பதெல்லாம் அந்தக் கணக்கை ஒட்டியே நடக்கிறது. நாம் பார்த்து வளர்ந்த முகங்களில் அது ஓரளவு பலிக்கும். வேறு இனத்தவர் என்றால் அடிக்கடி காலை வாரிவிடும். அது ஏன், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

முதலில், சொந்த இனத்தவரின் வயதையாவது சரியாகச் சொல்லிவிடுகிறோமா?

சுமாராகத்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் பாஸ்போர்ட் படங்களை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் சொன்ன வயதுக்கும் உண்மை வயதுக்கும் சராசரியாக ஏறக்குறைய 8 ஆண்டு இடைவெளி இருந்தது. இத்தனைக்கும் பாஸ்போர்ட் படத்தில் வெளிச்சம் சீராக இருக்கும், முகம் நேராக இருக்கும், சிரிப்பும் கிடையாது.

தப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. இளையவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொன்னார்கள், முதியவர்களுக்குக் குறைத்துச் சொன்னார்கள். எல்லாரையும் நடுவயதை நோக்கி இழுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று இதைவிட வேடிக்கை: சற்றுமுன் பார்த்த முகத்தின் வயது அடுத்த முகத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது. வயதானவர் ஒருவரின் படத்தைப் பார்த்த கையோடு அடுத்த படத்துக்குப் போனால், அவருக்கும் கொஞ்சம் வயது ஏறிவிடுகிறது.

வேறு இனத்தவர் என்றால் ஏன் இன்னும் அதிகமாகத் தடுமாறுகிறோம்?

பார்த்துப் பழகாததுதான் முக்கியக் காரணம். வயதைக் கணிக்கும்போது நாம் முகத்தை முழுசாகப் படிப்பதில்லை. கண்ணோரச் சுருக்கம், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு, நெற்றிக்கோடு, கன்னம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, தோலின் நிறம் சீராக இருக்கிறதா, முடி எப்படி இருக்கிறது என்று சிலவற்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வருகிறோம். இதில் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கூடப் படித்தவர்கள் என்று வயது தெரிந்த முகங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்துத் தானாகப் படிந்த அறிவு அது.

எல்லா இனத்தவர் முகத்திலும் மூப்பு ஒரே வரிசையில் வந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தாருக்கு முதலில் சுருக்கம் வருகிறது, இன்னொரு கூட்டத்தாருக்குக் கரும்புள்ளி முந்திக்கொள்கிறது, வேறு சிலருக்குக் கன்னத் தளர்ச்சிதான் முதல் அடையாளம். சுருக்கத்தைத் தேடிப் பழகிய கண், அது தாமதமாக வரும் முகத்தில் சுருக்கத்தைக் காணாமல் ‘சின்ன வயசுதான்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. கன்னத்தில் இருக்கும் புள்ளிகள் வயதைத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கண்ணில் படாது.

தெஹோன், பிரெதார் என்ற இரு உளவியலாளர்கள் பெல்ஜியத்தில் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். அங்கிருந்த வெள்ளையர்கள், வெள்ளையர் முகங்களின் வயதைச் சொன்ன அளவுக்குக் கறுப்பினத்தவர் முகங்களின் வயதைத் துல்லியமாகச் சொல்லவில்லை. அதே நாட்டில் சில ஆண்டுகளாக வாழ்ந்துவந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரோ இரு தரப்பு முகங்களையும் ஒரே அளவில் கணித்தார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் ஓர் ஆப்பிரிக்கர் தினமும் வெள்ளையர் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். மறுதரப்புக்கு அந்த அவசியம் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. முகத்தில் ஏதோ மர்மம் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் நம் கண்ணின் அரைகுறைப் பயிற்சி என்று சுருக்கமாகக் காட்டிவிடுகிறது.

இது பிறவியிலேயே வருகிறதா?

இல்லை. மூன்று மாதக் குழந்தை எந்த இனத்தவர் முகமானாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கிறது. பிரிட்டனில் வெள்ளையர் குழந்தைகளிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் சொந்த இனத்து முகங்களோடு சுருங்கிவிட்டது தெரிந்தது. தினமும் பார்ப்பதைக் கூர்ந்து பிரிக்கவும், பார்க்காததை விட்டுவிடவும் மூளை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.

அதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. கொரியாவில் பிறந்து 3 முதல் 9 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்கள் ஆன பிறகு சோதித்தார்கள். அவர்கள் கிழக்காசிய முகங்களைவிட வெள்ளையர் முகங்களைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். 2005இல் வந்த முடிவு அது. இது முகத்தை அடையாளம் காண்பது பற்றியது, வயதைக் கணிப்பது பற்றியது அல்ல. ஆனாலும் பிறப்பைவிட வளர்ப்பே கண்ணைப் பழக்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

‘அவங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க’ என்று தோன்றுவது இனவெறியா?

தோன்றுவது மட்டும் இனவெறி ஆகாது. எல்லா இனத்தவருக்கும் மற்றவர்களைப் பற்றி அப்படித் தோன்றுகிறது. அதை நம்பி நடப்பதுதான் ஆபத்து. அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியிட்ட ஒரு பகுப்பாய்வின்படி, முன்பே பார்த்த முகத்தைச் சரியாக அடையாளம் காணும் வாய்ப்பு சொந்த இனத்தவர் என்றால் 1.4 மடங்கு அதிகம். பார்க்காத முகத்தைப் பார்த்ததாகத் தவறாகச் சொல்லும் வாய்ப்பு வேறு இனத்தவர் என்றால் 1.56 மடங்கு அதிகம். நீதிமன்றத்தில் ‘இவர்தான்’ என்று கை நீட்டும் சாட்சிக்கும் இதே கண்கள்தான்.

கறுப்பினத்தவருக்கு முகச் சுருக்கம் சீக்கிரம் வராது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். தோலின் மூப்பில் ஒரு பகுதி காலத்தால் வருவது, இன்னொரு பகுதி வெயிலால் வருவது. கண்ணுக்குத் தெரிகிற சுருக்கத்திலும் புள்ளியிலும் வெயிலின் பங்கே பெரிது.

அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2012இல் வெளியான ஒரு படம். படத்தில் இருந்தவருக்கு வயது 69, 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். வண்டியின் ஜன்னல் அவருக்கு இடப்பக்கம். முகத்தின் இடப்பாதி தடித்து, ஆழமான வரிகளோடு தொங்கியிருக்க, வலப்பாதி எத்தனையோ ஆண்டு இளையவரின் முகம்போல இருந்தது. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் பி வகையைத் தடுத்துவிடும். ஏ வகை உள்ளே வந்துவிடும். ஒரே மனிதர், ஒரே பிறந்த தேதி, ஒரே மரபணு. அந்த முகத்தின் எந்தப் பாதியைப் பார்த்து வயதைச் சொல்வது?

இந்தக் கதிர்களைத் தடுக்கும் வேலையை, தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருள் செய்கிறது. 1979இல் செய்த அளவீட்டில், கறுப்பினத்தவரின் மேல்தோல் வழியாக புற ஊதா பி கதிர்களில் 7.4 சதவீதமும் வெள்ளையரின் மேல்தோல் வழியாக 24 சதவீதமும் ஊடுருவின. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தோலுக்கு அடியில் கன்ன எலும்பும் தாடை எலும்பும்கூட வயதாக ஆகக் கரையும். அந்தத் தேய்மானமும் கறுப்பினத்தவருக்குக் குறைவாக இருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வு ஒன்று காட்டுகிறது.

ஆனால் ‘மூப்பே தெரியாது’ என்பது மிகை. நிறம் ஆழ்ந்த தோலில் மூப்பு வேறு விதமாகத் தெரியும்: நிறம் திட்டுத்திட்டாகும், பழைய பருவும் காயமும் கருமையை விட்டுப்போகும், கன்னத்தின் நடுப்பகுதி இறங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறம் ஆழ்ந்தவர்களுக்கு வெயிலால் எதுவும் ஆகாது என்ற நினைப்பு நல்லதல்ல. பாதுகாப்பு அதிகம், அவ்வளவுதான்.

கிழக்காசியர்கள் ஏன் வயதைவிட இளமையாகத் தெரிகிறார்கள்?

யாருக்குத் தெரிகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். சீனாவில் வளர்ந்த ஒருவருக்கு இன்னொரு சீனர் அப்படி ஒன்றும் வியப்பூட்டும் இளமையோடு தெரிய மாட்டார்.

தோலிலும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. சீனப் பெண்களையும் பிரெஞ்சுப் பெண்களையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில், சீனப் பெண்களுக்குச் சுருக்கம் வருவது ஏறக்குறைய பத்தாண்டு தள்ளிப்போனது. அதற்குப் பதிலாகக் கரும்புள்ளிகள் அவர்களுக்கு அதிகம், அதுதான் அவர்களின் மூப்புக்கு முதன்மை அடையாளம். ஆக, சுருக்கத்தை வைத்து வயது பார்க்கும் ஐரோப்பியர் ஒருவர் நாற்பது வயதுச் சீனப் பெண்ணுக்கு முப்பதுதான் மதிப்பார். புள்ளிகளைப் பார்க்கப் பழகியவருக்கு அந்த மயக்கம் இருக்காது.

இளமை என்று நாம் வாசிப்பவற்றில் முக அமைப்புக்கும் பங்கு உண்டு. வட்டமான முகம், தட்டையான மூக்குத்தண்டு, எலும்பு துருத்தாத புருவ மேடு இவையெல்லாம் குழந்தை முகத்தின் லட்சணங்கள். பெரியவர் ஒருவருக்கு இயல்பிலேயே இவை இருந்தால், பழகாத கண் அதை வயதோடு குழப்பிக்கொள்கிறது.

‘ஐம்பது வரை இருபது மாதிரி இருந்துவிட்டு, ஒரே ராத்திரியில் எழுபது ஆகிவிடுவார்கள்’ என்று ஒரு நகைச்சுவை இணையத்தில் சுற்றுகிறதே, அதுவும் இதே கோளாறுதான். நடுவில் வந்த மாற்றங்களைப் படிக்கத் தெரியாத கண்ணுக்கு முடிவு திடீரென்று வந்ததுபோல் இருக்கிறது. ‘ஆசியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை மனிதர்களை அடைக்கிறோம் என்பது தனிக் கதை.

அப்படியானால் வெள்ளையர்கள் சீக்கிரம் மூப்படைகிறார்கள் என்று சொல்லலாமா?

அவர்களின் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது என்று சொல்லலாம். அவர்களுக்குள்ளேயும் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. செம்முடிக்கும் வெளிறிய தோலுக்கும் காரணமான எம்சி1ஆர் என்ற மரபணுவின் சில வகைகளைக் கொண்டவர்கள் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வயது கூடுதலாகத் தெரிகிறார்கள் என்று நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று 2016இல் காட்டியது. இரண்டு வயது என்பது சின்ன எண்தான். புகை, வெயில், தூக்கம் இவற்றின் முன்னால் மரபணுவின் பங்கு பல சமயம் அடங்கிப்போய்விடும்.

நரை எந்த வயதில் வரும்?

சராசரியாக வெள்ளையருக்கு முப்பதுகளின் நடுவில், ஆசியருக்கு முப்பதுகளின் இறுதியில், ஆப்பிரிக்கருக்கு நாற்பதுகளின் நடுவில். இளநரை என்பதையும் மருத்துவர்கள் இதை ஒட்டித்தான் வரையறுக்கிறார்கள்: முறையே 20, 25, 30 வயதுக்கு முன்னால் நரைத்தால் இளநரை. சாயம் பூசும் உலகத்தில் இதை வைத்து வயதைக் கணிப்பது வீண் வேலை.

எல்லா இனத்தவருக்கும் பொருந்துகிற அடையாளம் ஒன்றுகூட இல்லையா?

ஒன்று இருக்கிறது, பலரும் கவனிக்காதது. கண், புருவம், உதடு இவற்றின் நிறத்துக்கும் சுற்றியுள்ள தோலின் நிறத்துக்கும் இடையிலான வேறுபாடு வயதாக ஆகக் குறைகிறது. உதடு வெளிறுகிறது, புருவம் மங்குகிறது, முகம் மொத்தமும் ஒரே நிறத்தை நோக்கிப் போகிறது. சீன, பிரெஞ்சு, லத்தீன் அமெரிக்க, தென்னாப்பிரிக்கப் பெண்களின் படங்களை வைத்து 2017இல் செய்த ஆய்வில் நான்கு தரப்பிலும் இது தெரிந்தது. படத்தில் அந்த வேறுபாட்டைக் கூட்டிக் காட்டினால், பார்த்தவர்கள் எந்த இனமானாலும் அந்த முகத்தை இளமையானது என்றார்கள். உதட்டுச் சாயமும் கண்மையும் ஏன் வேலை செய்கின்றன என்பதற்கும் இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன்.

சிரித்தால் இளமையாகத் தெரிவோமா?

மாட்டோம். கண்ணோரத்தில் கோடு விழுவதால் சிரித்த முகத்துக்கு ஓரிரு வயது கூட்டித்தான் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கூட்டிச் சொன்னவர்களிடமே பிற்பாடு கேட்டால் சிரித்தவர்கள்தான் இளமையாகத் தெரிந்தார்கள் என்று நினைவுகூர்ந்தார்கள். கானல், குடேல் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் எழுதியது.

இளமையாகத் தெரிகிறவருக்கு உடம்பும் இளமையாகத்தான் இருக்குமா?

ஒரே இனத்துக்குள் என்றால் ஓரளவுக்கு ஆமாம். டென்மார்க்கில் எழுபது வயது தாண்டிய 1,826 இரட்டையர்களின் படங்களைக் காட்டி வயதைக் கணிக்கச் சொன்னார்கள். பின்னாளில் பார்த்தபோது, இரட்டையரில் யார் முகம் முதிர்ந்து தெரிந்ததோ அவரே முதலில் இறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தோற்றத்தில் இடைவெளி எவ்வளவு பெரிதோ அந்த வாய்ப்பும் அவ்வளவு பெரிது. 2009இல் வெளியானது.

இந்த முடிவை இனம் தாண்டி நீட்டினால் தலைகீழாகிவிடும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தோல் வெள்ளையினப் பெண்களைவிட மெதுவாக மூப்படைகிறது. ஆனால் அவர்களின் உடல் சீக்கிரம் தேய்கிறது. உயர் ரத்த அழுத்தம் முன்பே வருகிறது, ஆயுட்காலம் குறைகிறது. ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பொதுச்சுகாதார ஆய்வாளர் 1992இல் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தார். கறுப்பினப் பெண்களில் பதின்பருவத்தின் முடிவில் பிள்ளை பெற்றவர்களைவிட இருபதுகளின் நடுவில் பெற்றவர்களின் குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம் இருப்பதை அவர் கவனித்தார். வெள்ளையினப் பெண்களிடம் அப்படி இல்லை. பாகுபாடும் வறுமையும் ஆண்டுக்கணக்கில் உடலை அரித்துவிடுகின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

ஆகவே ‘கொடுத்து வைத்தவர், வயசே தெரியலை’ என்று சொல்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. வாசலில் நுழைந்தவுடன் முகத்தைப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கிறார்’ என்று நினைக்கும் மருத்துவருக்கும் அதே கண்ணிதான்.

குழந்தைகளின் வயதையும் இப்படித் தப்பாகக் கணிக்கிறார்களா?

கணிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் கனமானது இதுதான். இதுவரை சொன்ன தவறுகளுக்குக் காரணம் பழக்கமின்மை. இங்கே பயமும் சேர்ந்துகொள்கிறது.

பிலிப் காஃப் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2014இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் ஒரு குற்றத்தில் சந்தேகிக்கப்படுபவர்கள் என்று சொல்லி, வயதைக் கேட்டார்கள். கடுமையான குற்றம் என்று சொன்னபோது கறுப்பினச் சிறுவர்களுக்கு உண்மை வயதைவிட ஏறக்குறைய நான்கரை வயது கூட்டிச் சொன்னார்கள். பதிமூன்றரை வயதுப் பையன் அந்தக் கணக்கில் பதினெட்டைத் தொட்டு, சட்டத்தின் கண்ணில் பெரியவன் ஆகிவிடுகிறான். பத்து வயது தாண்டியதுமே கறுப்பினச் சிறுவர்களை மற்றச் சிறுவர்களைவிடக் குறைந்த அளவு ‘ஒன்றும் அறியாதவர்கள்’ என்று மதிப்பிட்டதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அதே ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் டாமிர் ரைஸ் என்ற பையன் விளையாட்டுத் துப்பாக்கியோடு இருந்தான். வயது 12. போலீசுக்குத் தொலைபேசியில் சொன்னவர், துப்பாக்கி பொம்மையாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் வண்டி வந்து நின்ற ஓரிரு விநாடியில் அவர்களில் ஒருவர் சுட்டார். சுட்டபின் போலீஸ் வயர்லெஸ்ஸில் கொடுத்த வர்ணனை: கறுப்பின ஆண், வயது 20 இருக்கலாம். மறுநாள் அவன் இறந்துபோனான்.

பெண் பிள்ளைகளும் தப்புவதில்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் மையம் ஒன்று 2017இல் வெளியிட்ட அறிக்கையில், கறுப்பினச் சிறுமிகளுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் குறைவாகத் தேவை, பெரியவர்கள் விஷயம் அவர்களுக்கு அதிகம் தெரியும் என்று பெரியவர்கள் நினைப்பது பதிவாகியிருக்கிறது. 5 வயதிலேயே அது தொடங்கிவிடுகிறது. பெரியவர் ஆன பிறகு ‘வயசே தெரியலை’ என்று பாராட்டப்படும் அதே முகம், சிறுவயதில் வயதுக்கு மீறியதாகத் தெரிகிறது. தோலை மட்டும் வைத்து இந்த இரண்டையும் விளக்கவே முடியாது.

அகதிகளாக வருபவர்களின் வயதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பிறப்புச் சான்று இருந்தால் சிக்கல் இல்லை. யூனிசெஃப் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 15 கோடிப் பேரின் பிறப்பு பதிவாகவே இல்லை. அப்படிப் பிறந்து வளர்ந்து, கையில் ஒரு தாளும் இல்லாமல் எல்லை தாண்டி வரும் பையனின் வயதை ஓர் அதிகாரி முகத்தையும் நடத்தையையும் வைத்து முடிவு செய்ய நேர்கிறது. பதினெட்டுக்குக் கீழே என்றால் பள்ளி, பராமரிப்பு, பாதுகாவலர். மேலே என்றால் பெரியவர்களோடு ஒரே விடுதி, சில இடங்களில் தடுப்புக் காவல். பாலைவனம் நடந்து, பட்டினி கிடந்து, வெயிலில் வாடி வந்த முகம் எந்த வயதைக் காட்டும்? பயணத்தின் வயதையும் சேர்த்துத்தான் காட்டும்.

சரி, எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சியை ஒரு மாதிரிப் படத்தொகுப்போடு ஒப்பிடும் முறை உண்டு. அதில் பிரபலமான கிருலிக்–பைல் தொகுப்பு 1950இல் வந்தது, 1959இல் திருத்தப்பட்டது. அதன் படங்கள் 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து வட்டாரத்தில் வசதியான வெள்ளையர் குடும்பத்துக் குழந்தைகளிடம் எடுத்தவை. ஒரு நோய் வளர்ச்சியைப் பாதித்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பதற்காகச் செய்தது அது. வேறு கண்டத்தில், வேறு சாப்பாட்டில் வளர்ந்த ஒருவனுக்குப் பதினேழா பத்தொன்பதா என்று தீர்ப்பளிக்க அதைப் பயன்படுத்துவது தகாத வேலை. ஓரிரு ஆண்டு முன்பின் போவது ஆரோக்கியமான பிள்ளைகளிடமே சகஜம். சந்தேகம் வந்தால் சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்கே கொடுக்க வேண்டும் என்பது ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவின் நிலைப்பாடு.

பல நாடுகளில் குடியேறியவர்களின் ஆவணங்களில் ஜனவரி 1 பிறந்த நாளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேதி தெரியாதபோது அலுவலகம் போட்ட தேதி அது.

மனிதக் கண்ணை விட்டுவிட்டு இயந்திரத்திடம் கொடுத்தால்?

சராசரியில் மனிதரைவிட நன்றாகவே செய்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024இல் ஆறு மென்பொருள்களைச் சோதித்தது. 2014இல் இதே வகைச் சோதனையில் கிடைத்த சிறந்த முடிவு விசா படங்களில் சராசரி 4.3 ஆண்டுத் தவறு. பத்தாண்டில் அது 3.1 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் தவறு எல்லார் மேலும் சமமாக விழவில்லை. பிறந்த பகுதியைப் பொறுத்தும் பாலினத்தைப் பொறுத்தும் மாறியது. பெண்கள் முகத்தில் பெரும்பாலும் அதிகம்.

மென்பொருளும் தான் பார்த்து வளர்ந்த முகங்களைத்தான் நன்றாகப் படிக்கும். அது வயதைக் கணிப்பதில் மட்டும் உள்ள பிரச்சினையும் அல்ல. ஆணா பெண்ணா என்று முகம் பார்த்துச் சொல்லும் வணிக மென்பொருள்களை 2018இல் சோதித்தபோது, நிறம் ஆழ்ந்த பெண்களிடம் தவறு 34.7 சதவீதம் வரை போனது. நிறம் வெளுத்த ஆண்களிடம் அதிகபட்சமே 0.8 சதவீதம்தான்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டிருக்கிறது. வயதை உறுதிப்படுத்தும் வழிகளில் முகத்தைப் பார்த்துக் கணிப்பதும் ஒன்று. மூன்றாண்டுத் தவறு என்பது முப்பது வயதுக்காரரைப் பாதிக்காது. பதினாறை ஒட்டி இருப்பவருக்குக் கதவு திறப்பதும் மூடுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

கொரியாவில் எல்லாருக்கும் ஒரு வயது கூடுதல் என்பது நிஜமா?

முன்பு இருந்தது. பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். டிசம்பர் 31இல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு. 2023 ஜூன் 28 முதல் தென்கொரியாவில் சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும் பிறந்த தேதிக் கணக்குதான்.

எந்த வயதில் ஒருவர் ‘முதியவர்’ ஆகிறார் என்பதிலாவது உலகம் ஒத்துப்போகிறதா?

அது பதில் சொல்பவரின் வயதைப் பொறுத்தது. ஜெர்மனியில் 2024இல் வெளியான ஆய்வில் 64 வயதுக்காரர்கள் முதுமை 74.7 வயதில் தொடங்கும் என்றார்கள். 74 ஆனதும் அதை 76.8க்குத் தள்ளினார்கள். இது எல்லாருக்கும் புரிகிற தந்திரம்தான்.

பண்பாட்டு வேறுபாடு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 26 பண்பாடுகளைச் சேர்ந்த மாணவர்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், வயதானால் அழகும் புதிதாகக் கற்கும் திறனும் குறையும், அறிவும் விவேகமும் மரியாதையும் கூடும் என்று பெரும்பாலும் எல்லா இடத்திலும் சொன்னார்கள். கிழக்கில் பெரியவர்களுக்கு மதிப்பு அதிகம் என்ற பேச்சும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் செய்த பகுப்பாய்வில் கிழக்கு நாடுகளில்தான் மனப்பான்மை கூடுதலாக எதிர்மறையாக இருந்தது. முதியோர் எண்ணிக்கை வேகமாகப் பெருகும் இடத்தில் மனத்தாங்கலும் பெருகுவதாக அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மரியாதைச் சொற்கள் நிறைய இருப்பதும் மரியாதை இருப்பதும் வேறு வேறு என்று எனக்குப் படுகிறது.

வேறு இனத்தவர் ஒருவரிடம் ‘உங்களைப் பார்த்தா அவ்வளவு வயசு தெரியலை’ என்று சொல்லலாமா?

நண்பரிடம் சொல்லலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். ‘உங்க ஆளுங்களுக்கே வயசு தெரியாதே’ என்று கூட்டத்தோடு சேர்த்துச் சொல்வதைத் தவிருங்கள். அலுவலகத்தில் இன்னும் கவனம் தேவை: இருபது வருட அனுபவம் உள்ளவரைப் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைத்து அவர் சொல்வதைத் தட்டிக்கழிப்பது இந்த ‘இளமை’யின் மறுபக்கம். இளமையாகத் தெரிபவர்கள் இதைத்தான் அதிகம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

வயது பார்த்துப் பொருள் விற்க வேண்டிய வேலையில் இருக்கிறேன். கண்ணை நம்பலாமா?

பழகப் பழகக் கண் தேறும், ஆனால் அதற்காகக் காத்திருக்க முடியாது. பிரிட்டனில் மது விற்கும் கடைகள் பல பின்பற்றும் முறையில், சட்டப்படி வயது 18 ஆனாலும், 25க்குக் கீழே தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். கண்ணின் தவறுக்கு என்றே ஏழு ஆண்டு இடம் விட்டிருக்கிறார்கள். சராசரித் தவறே எட்டு ஆண்டு, அதிலும் இளையவர்களுக்குக் கூட்டிச் சொல்வதுதான் வழக்கம் என்று முதல் கேள்வியில் பார்த்தோம். எனவே பழகாத இனத்தவர் என்றால் அந்த ஏழும் போதாமல் போகலாம். அவர்களுக்கு மட்டும் தனியாகக் கெடுபிடி செய்தால் அது வேறு வம்பு. அந்த 25 என்ற வரம்பை முப்பதுக்கு ஏற்றி, வருகிற எல்லாரிடமும் ஒரே மாதிரி அட்டையைக் கேளுங்கள். அட்டையில் முகத்தைச் சரிபார்த்தபின் பிறந்த ஆண்டைப் பாருங்கள்.